780 வெள்ளி பிளாங்க்டன் பெட்டி: சல்லடைக்காக வாங்கலாம், ஐந்தாம் பக்கத்தை நம்பாதீர்கள்

கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களை, அதாவது பிளாங்க்டனை, பிடித்துப் பார்க்கும் இந்தப் பெட்டியை வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். ஆனால் விளம்பரப் படத்தில் பெரிதாகக் காட்டுகிற வலைக்காக இல்லை. பெட்டியின் அடியில் குமிழ்த்தாளில் சுற்றிக் கிடக்கும் இரண்டு சல்லடைகளுக்காக. நுண்ணோக்கி பரவாயில்லை ரகம். கூடவே வரும் கையேட்டைப் பளபளவென்று அச்சடித்திருக்கிறார்கள், ஆனால் எந்த மாதங்களில் மாதிரி எடுக்க வேண்டும் என்று சொல்லும் அதன் ஐந்தாம் பக்கம் நம்ம கடலைப் பார்த்து எழுதியதே இல்லை. அந்தப் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன், ஏனென்றால் இதை வாங்குகிற பாதிப் பேர் அதை நம்பித்தான் வாங்குவார்கள்.

நான் பினாங்கு மாநிலத்தின் பிறை ஊரில் உயிரியல் டியூஷன் எடுக்கிறவள். படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்முறைத் திட்டம் வேண்டும் என்று தேடியபோதுதான் இது கண்ணில் பட்டது. விற்பவர் கோலாலம்பூரில் இருந்து அனுப்புகிறார். குறை சொல்லும் இடங்கள் இருப்பதால் பெயர் வேண்டாம்.

பெட்டிக்குள் இருப்பவை: 20 மைக்ரான் துளையுள்ள கைவலை, 125 மைக்ரானிலும் 20 மைக்ரானிலும் இரண்டு சல்லடைகள், 400 மடங்கு வரை பெரிதாக்கும் மாணவர் நுண்ணோக்கி, ஸ்லைடுகள், துளிக்குழாய், ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம், தமிழும் மலாயும் கலந்த எட்டுப் பக்கக் கையேடு. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், 20 மைக்ரான் எவ்வளவு நுணுக்கம் என்று புரியும்.

இதை எதற்கு விற்கிறார்கள் என்றால், கடலில் மிதக்கும் டைனோபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் உயிர்களின் உறங்கு கூடுகளைப் பிள்ளைகளே பார்க்கலாம் என்று. கடல் சிவக்கும் என்று செய்தியில் வருகிறதே, அந்த வேலையைச் செய்வதில் பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான். சத்து தீர்ந்துபோனாலோ நிலைமை சரியில்லை என்றாலோ, இவற்றில் சில இனங்களில் இரண்டு செல்கள் இணைந்து, கெட்டியான உறை போட்டுக்கொண்டு, அடிச்சேற்றில் போய்ப் படுத்துவிடும். எல்லா இனமும் இப்படிச் செய்வதில்லை. ஏழெட்டில் ஒன்றுதான் செய்கிறது என்பார்கள். படுத்ததும் உடனே எழுந்துவிடவும் முடியாது. சில வாரமோ சில மாதமோ கட்டாய ஓய்வு உண்டு. அப்புறம் வெளிச்சம், ஆக்ஸிஜன், வெப்பம் எல்லாம் கூடி வந்தால் உறையில் ஒரு சின்னக் கதவு திறக்கும், உள்ளே இருப்பது நீந்திப் போய்விடும். ஸ்வீடன் நாட்டுக் கடல் இடுக்கு ஒன்றின் சேற்றில் சுமார் நூறு வருடம் கிடந்த கூடுகளை முளைக்க வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னதும் என் வகுப்பில் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தவன்கூட நிமிர்ந்து பார்த்தான்.

சரி, வலைக்கு வருவோம். தெலுக் பஹாங் படகுத்துறையில் இருந்து இழுத்துப் பார்த்தோம். நீர் தெளிவாக இருக்கும் நாளில் அருமையாக வேலை செய்கிறது. டயட்டம் என்ற நுண்பாசியின் சங்கிலிகள், மூன்று கொம்போடு செராட்டியம் என்ற டைனோபிளாஜெல்லேட், துள்ளித் துள்ளி ஓடும் கோபிபாட் என்ற குட்டி ஓட்டுயிர் எல்லாம் முதல் ஸ்லைடிலேயே கிடைத்தன. பிறை ஆற்று முகப்புப் பக்கம் போட்டால் கதை வேறு. சேறு அடைத்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் வலைக்குள் தண்ணீர் போவதே நின்றுவிடுகிறது. அடிக்குப்பியின் மரை வேறு தளர்வு. இழுக்கும்போதே கழன்று விழப் பார்த்தது, டெஃப்லான் நாடா சுற்றித்தான் பயன்படுத்துகிறோம். வளையத்தில் துரு வந்துவிட்டது. நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தும் வந்தது.

பெரிய குறை இது எதுவும் இல்லை. உறங்கு கூடு பார்க்க வேண்டுமென்று வலை வாங்குவதே வீண். கூடு உருவானதும் கீழே இறங்கிவிடும். மேல்தண்ணீரில் மிதந்துகொண்டு வலைக்காகக் காத்திருக்காது. வலையில் வருவது இன்றைக்கு நீந்துகிறவர்கள். போன பருவத்தில் நீந்தியவர்கள் சேற்றில் இருக்கிறார்கள்.

அதனால்தான் சல்லடையைத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறேன். தைத்த விதமும் சட்டமும் உறுதி, ஓரத்தில் பசை விடவில்லை. முறை இப்படி: ஒரு தேக்கரண்டி மேல்சேறு எடுத்து, வடிகட்டிய கடல்நீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். கட்டி கட்டியாக இருந்தால் கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி கழுவ வைத்திருக்கும் மீயொலித் தொட்டி இருக்கிறதே, அதில் இரண்டு நிமிடம் வைத்தால் உதிர்ந்துவிடும். கையேட்டில் இது இல்லை, ஆனால் ஆய்வுக்கூடங்களில் இதே வேலைக்கு இதே மாதிரிக் கருவிதான். பிறகு 125 சல்லடையில் ஊற்றினால் கிளிஞ்சல் துண்டு, குச்சி, பிளாஸ்டிக் நார் மேலே நின்றுவிடும். கீழே போனதை 20 சல்லடையில் ஊற்றிக் கழுவ வேண்டும். களிமண் முழுக்கப் போய், தண்ணீர் தெளிவாக வடியும்வரை கழுவ வேண்டும். இதில் அவசரப்பட்டால் பிறகு நுண்ணோக்கியில் வெறும் பழுப்பு மேகம்தான் தெரியும்.

நின்றதைப் பீங்கான் கிண்ணத்துக்கு மாற்றிக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அரிசி களைகிற மாதிரி வட்டமாக ஆட்ட வேண்டும். மணல் கனம், நடுவில் தங்கும். கூடுகள் லேசு, தண்ணீரோடு எழும்பும். எழும்பியதைச் சட்டென்று வேறு கிண்ணத்தில் சாய்த்துவிட வேண்டும். என் மாணவி ஒருத்திக்கு இந்தக் கை வாகு முதல் நாளே வந்துவிட்டது. "டீச்சர், இது எங்க பாட்டி வேலை" என்றாள். எனக்கு இன்னும் அவள் அளவுக்கு வரவில்லை.

இப்போது நுண்ணோக்கி. கண்ணாடி வில்லைகள் நன்றாகவே இருக்கின்றன, 400 மடங்கில் ஓரம்வரை தெளிவு. விளக்கு மட்டும் கண்ணைக் குத்தும் வெள்ளை. வெண்ணெய்த்தாள் ஒரு துண்டை விளக்கின் மேல் ஒட்டினால் சரியாகிவிடும். ஸ்லைடை நகர்த்தும் திருகு இல்லை என்பது உண்மையான குறை. விரலால் தள்ளித் தள்ளி எண்ணினால் பார்த்ததையே மறுபடி எண்ணுவோம். படம் பிடிக்கப் பயன்படாது, வேடிக்கை பார்க்கப் பயன்படும் என்ற அளவில்தான் கைப்பேசிப் பிடிப்பான்.

ஆனால் இதே நுண்ணோக்கியில்தான் ஸ்கிரிப்சியெல்லா என்ற டைனோபிளாஜெல்லேட்டின் கூட்டைப் பார்த்தோம். முட்டை வடிவம், சுற்றிலும் குட்டை முட்கள், உள்ளே ஓர் ஆரஞ்சுப் பொட்டு. அந்த முட்கள் சுண்ணாம்பால் ஆனவை. உறுதி செய்ய ஒரு எளிய வழி உண்டு. மேல்மூடிக் கண்ணாடியின் ஒரு ஓரத்தில் சமையல் வினிகர் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூ தாளை வைத்தால் வினிகர் உள்ளே இழுபட்டு வரும். கண்ணை எடுக்காமல் பாருங்கள். முட்களின் நுனி முதலில் மங்கும், பிறகு அடி, கடைசியில் வழுவழுவென்ற உள்ளுறை மட்டும் நிற்கும். ஆரஞ்சுப் பொட்டு அசையாமல் அப்படியே இருக்கும். முள் இருந்தும் வினிகருக்கு அசையவில்லை என்றால் அது வேறு. ஸ்பினிஃபெரைட்டிஸ் வகைக் கூடாக இருக்கலாம், அதன் உறை அமிலத்துக்கு அஞ்சாத கரிமப்பொருள். கோபிபாட் முட்டையாகவும் இருக்கலாம், அதிலும் முள் வைத்தவை உண்டு. கண்டல் மகரந்தமும் உருண்டையாக வந்து ஏமாற்றும். கையேட்டில் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு படம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

கொடுத்திருப்பது ஐந்தாம் பக்கம். ஒரு வண்ண வரைபடம், அதன் கீழே: "தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை உறங்கு கூடு உற்பத்தி உச்சத்தை எட்டும். அந்த மாதங்களில் மாதிரி எடுங்கள்." எந்தக் கடலில் என்று ஒரு வார்த்தை இல்லை.

அரபிக்கடலில் என்றால் இதை ஒப்புக்கொள்ளலாம். அங்கே அந்தக் காற்று சோமாலியா, ஓமான் கரைகளை ஒட்டி மாதக்கணக்கில் ஒரே திசையில் அடிக்கிறது. மேல்தண்ணீரைக் கரையில் இருந்து வெளியே தள்ளுகிறது, அந்த இடத்துக்கு ஆழத்தில் இருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த தண்ணீர் ஏறி வருகிறது. சோமாலியக் கரையில் கடலின் மேற்பரப்பு 20 டிகிரி பக்கம்கூட இறங்கிவிடும். சோமாலி நீரோட்டம் கோடையில் வடக்கே ஓடும், வடகிழக்குப் பருவத்தில் திரும்பி தெற்கே ஓடும். ஒரு பெரிய கடலோட்டம் வருடத்துக்கு இரண்டு முறை திசை மாற்றிக்கொள்வதை வேறு எங்கே பார்க்கப் போகிறோம்.

சத்து மேலே வந்தால் முதலில் டயட்டம் கொழிக்கும். டயட்டத்தைத் தின்னும் டைனோபிளாஜெல்லேட்டுகள் உண்டு, புரோட்டோபெரிடினியம் வகையினர். தாவரம் போல உணவு செய்யத் தெரியாத வேட்டைக்காரர்கள். தீனி பெருகினால் இவர்களும் பெருகுவார்கள், இவர்களுடைய உருண்டைப் பழுப்புக் கூடுகளும் பெருகும். அதனால் சேற்றில் பழுப்புக் கூடு மிகுந்தால், அங்கே சத்துள்ள தண்ணீர் மேலேறியிருக்கிறது என்று ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள். காற்று ஓய்ந்து, தண்ணீர் அடுக்கடுக்காக அசையாமல் நிற்கும்போது வேறு இனங்களின் முறை வருகிறது. டிசம்பர் தொடங்கி வீசும் வடகிழக்குக் காற்றுக்கும் பங்கு உண்டு. வடக்கு அரபிக்கடலின் மேல்தண்ணீர் குளிர்ந்து, கனத்து, கீழே இறங்கிக் கலக்கும், அதுவும் ஒரு விளைச்சலைத் தரும். ஆக, பருவக்காற்று என்ற ஒரே பொத்தானை அழுத்தினால் எல்லாக் கூடும் கொட்டும் என்பது இல்லை. எந்தக் காற்றில் யார், காற்று அடிக்கும்போதா ஓயும்போதா என்பதுதான் விஷயம்.

இதைத் தெரிந்துகொள்ளச் சேற்றைத் தோண்டினால் போதாது. 1992, 93-இல் டச்சு ஆய்வாளர்கள் சோமாலியாவுக்கு வெளியே ஆழ்கடலில் பொறிகளைத் தொங்கவிட்டார்கள். பெரிய புனல், அடியில் சுழலும் குப்பிகள். குறித்த நாள் ஆனதும் ஒரு குப்பி மூடி அடுத்தது திறக்கும். மேலிருந்து விழுகிற கூடுகள் காலவாரியாகப் பிரிந்து சேரும். எண்ணிக்கையும் இனக் கலவையும் காற்றோடு மாறுவதை அப்படித்தான் கண்டார்கள். சேற்றில் எடுத்தால் ஒரு சென்டிமீட்டருக்குள் பல வருடம் அடங்கிக் கிடக்கும், போதாக்குறைக்குப் புழுவும் சிப்பியும் கிளறிவிட்டிருக்கும். பாகிஸ்தான் கரைக்கு வெளியே ஆக்ஸிஜனே இல்லாத ஆழத்தில் புழு வாழ முடியாததால் வருட அடுக்குகள் கலையாமல் இருக்கின்றன. ஆக்ஸிஜன் உள்ள சேற்றில் இன்னொரு தொல்லையும் உண்டு, அந்தப் பழுப்புக் கூடுகள்தான் முதலில் மக்கிப்போகின்றன. எஞ்சியதை மட்டும் எண்ணிவிட்டு வேட்டைக்காரர்களே இல்லை என்று சொன்னால் அது சேறு சொல்லும் பொய்.

பினாங்குக்கு வருவோம். மேற்கே சுமத்ரா சுவராக நிற்கிறது, தென்மேற்குக் காற்று அதைத் தாண்டி நலிந்துதான் வருகிறது. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர் வடகிழக்குக் காற்றைத் தடுக்கிறது. மலாக்கா நீரிணையின் ஓட்டம் வருடம் முழுக்க வடமேற்காக அந்தமான் கடலை நோக்கித்தான் போகிறது, சோமாலி நீரோட்டம் போலத் திரும்புவதே இல்லை. ஆழத்தில் இருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறும் என்றால், இங்கே ஆழமே இல்லை. நமக்கு மழை கொட்டுவது பருவக்காற்று மாறும் இடைவெளியில், செப்டம்பர், அக்டோபரில். ஜனவரி, பிப்ரவரி வறட்சி. சத்து வருவது காற்று கலக்கி இல்லை, மூடா ஆறும் பிறை ஆறும் ஜூரு ஆறும் அடித்துக்கொண்டு வருவதுதான் பெரும்பங்கு.

கோலாலம்பூருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, இந்த ஐந்தாம் பக்கம் எந்தக் கடலுக்கு எழுதினது?"

"பருவமழை எல்லா ஊருக்கும் ஒண்ணுதானே, டீச்சர்?"

"எங்க ஊர்ல ஜூலையில வெயில் மண்டைய பிளக்குது அண்ணே."

சிரித்தார். அடுத்த பதிப்பில் திருத்துவதாகச் சொன்னார். நல்ல மனிதர், அதில் சந்தேகம் இல்லை.

மலேசியாவுக்குள்ளேயே ஒரே கணக்குப் போட முடியாது என்பதையும் அவர் சேர்த்தால் நல்லது. சபாவில் 1976 முதல் பைரோடினியம் பஹாமென்ஸ் என்ற நச்சு டைனோபிளாஜெல்லேட் தொல்லை கொடுத்து வருகிறது. கிளந்தானின் தும்பாட்டில் 2001-இல் அலெக்சாண்டிரியம் மினூட்டம், குவாந்தானில் 2013 நவம்பரில் அலெக்சாண்டிரியம் தமியவனிச்சி. மூன்றுமே உறங்கு கூடு போடும் இனங்கள், மூன்றுமே சிப்பி தின்றவர்களைப் படுக்க வைத்தவை. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் வடகிழக்குக் காற்றின் அலை கடலையே புரட்டும். அங்கே இருக்கும் ஆசிரியர் என் நாட்காட்டியை வைத்து மாதிரி எடுத்தாலும் தப்பாகத்தான் போகும்.

ஐந்தாம் பக்கத்தை ஒதுக்கிவிட்டு நாங்களே ஒரு பொறி செய்தோம். பெட்டியில் இல்லாதது, ஆனால் பெட்டியை உருப்படியாக்குவது. பிவிசி குழாய், உயரம் விட்டத்தைப் போல ஐந்து மடங்கு. அதைவிடக் குட்டையாக இருந்தால் ஓட்டம் உள்ளே சுழன்று விழுந்ததைக் கிளப்பிவிடும். அடியில் அடர்ந்த உப்புநீர். பழைய மாணவன் ஒருவனின் குடும்பத்துக்கு ஜெரெஜாக் தீவுப் பக்கம் கொடுவாவும் களவாவும் வளர்க்கும் மீன்கூண்டு இருக்கிறது, அதன் ஓரத்தில் கட்டினோம். ஓரத்தில்தான் கட்ட வேண்டும், கூண்டுக்கு நேர் கீழே கட்டினால் மீன் தீனியும் எச்சமும்தான் சேரும்.

மழை மாதங்களில் குழாய் நிறையச் சேறு. கூடுகள் இருந்தன, ஆனால் பெரும்பாலும் கதவு திறந்த வெற்றுக் கூடுகள். அப்படியென்றால் புதிதாக உருவானவை இல்லை, அடிச்சேறு கிளம்பி வந்து விழுந்த பழசு. 2017 நவம்பர் 4 இரவு அடித்த மாதிரி ஒரு புயல் வந்தால் எத்தனை வருடத்துப் பழசு எழும்பி வரும் என்று யோசித்துப் பாருங்கள். வறட்சி மாதங்களில் சேறு குறைவு, உள்ளே துகள் நிறைந்த முழுக் கூடுகள் தெரிந்தன. டியூஷன் பிள்ளைகள் செய்த வேலை, இதை ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கூட்டை வெறுமனே எண்ணாமல் முழுசு, வெற்று என்று பிரித்து எண்ண வேண்டும் என்பதைக் கையேட்டில் கட்டாயம் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மழையில் கிளம்பிய பழைய சேற்றைப் பார்த்து, மழையால் கூடு உற்பத்தி பெருகியது என்று பிள்ளைகள் அறிக்கை எழுதிக்கொண்டு வருவார்கள்.

ஒரு எச்சரிக்கை. கையேட்டின் பின்னட்டையில் "உங்கள் கெராங் பாதுகாப்பானதா? நீங்களே பாருங்கள்!" என்று கெராங் சிப்பியைப் பற்றிப் போட்டிருக்கிறார்கள். இந்த வரியை நீக்கியே ஆக வேண்டும். மேலே சொன்ன இனங்களால் சிப்பியில் சேரும் சாக்ஸிடாக்ஸின் என்ற நஞ்சு நுண்ணோக்கியில் தெரியாது, வேகவைத்தாலும் போகாது. 100 கிராம் சதையில் 80 மைக்ரோகிராம் என்ற எல்லையைத் தாண்டியதா என்று ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும். கடலில் எச்சரிக்கை விடுத்திருந்தால் சார் குவே தியாவ் நூடுல்ஸை கெராங் இல்லாமல் சாப்பிடுங்கள், உயிர் போகாது.

பள்ளிக் கழகம், டியூஷன் வகுப்பு என்றால் முழுப் பெட்டி சரி, நாலைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். நுண்ணோக்கி ஏற்கெனவே இருக்கிறவர்கள் இரண்டு சல்லடையை மட்டும் 190 வெள்ளிக்குத் தனியாகக் கேட்டு வாங்கலாம், விளம்பரத்தில் போடவில்லை, கேட்டால் தருகிறார். தீபகற்பத்துக்கு அனுப்பும் செலவு விலைக்குள் அடங்கும், சபா, சரவாக்குக்குத் தனி. உத்தரவாதம் ஓராண்டு, ஆனால் விளக்குக்கு உத்தரவாதம் கிடையாது. முதலில் போகப்போவது அதுதான் என்பதால், வாங்கும்போதே கூடுதலாக ஒன்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 15 வெள்ளி.